பிப்ரவரியில் மாலத்தீவின் கந்துகள்: வாவு, தெற்கு மாலே, அரி ஆகியவற்றில் எங்கே இறங்குவது?

நெய்தல்நிலா

அனைவருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரியில் ஒரு வாரம் மாலத்தீவுக்குச் செல்லத் திட்டமிட்டுள்ளேன். அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் என்ற டைவிங் சான்றிதழ் வைத்திருக்கிறேன். அந்தமானில் ஹேவ்லாக் பகுதியிலும் புதுச்சேரிக் கடலிலும் இறங்கிய அனுபவம் உண்டு. ஆனால் பலத்த நீரோட்டத்தில் இதுவரை டைவ் செய்ததில்லை. கந்து என்று அங்கே அழைக்கப்படும் பவளப்பாறை நீர்வழிகளில் சுறாக்களைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் முதன்மையான ஆசை.

விளம்பரங்களைப் பார்த்தால் ஒவ்வொரு படகும் இருபது இடங்களின் பெயரை அடுக்குகிறது. ஃபொத்தேயோ, மியரு கந்து, ரக்கீது, குராய்து, எம்பூது, மாயா திலா என எல்லாமே 'உலகின் தலைசிறந்த' இடங்களாம். ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் பார்க்க இயலாது. வாவு, தெற்கு மாலே, அரி ஆகிய மூன்று அட்டோல்களில் (வளைய வடிவப் பவளத்தீவுக் கூட்டங்களில்) எதைத் தேர்ந்தெடுப்பது, எந்த இடங்களை விட்டுவிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓதமானி

வணக்கம் அம்மா. இடங்களின் பெயர்ப் பட்டியலைச் சற்று ஒதுக்கி வையுங்கள். கந்து டைவில் நீங்கள் பார்க்கப்போவதைத் தீர்மானிப்பது இடத்தின் பெயரைக் காட்டிலும் அந்த நேரத்தில் அந்த நீர்வழியில் ஓடும் நீரின் திசையே ஆகும். ஒரே கந்து, காலையில் உள்நோக்கிய ஓட்டத்தில் முப்பது மீட்டர் தெளிவோடு சுறாக்கள் அணிவகுக்கும் இடமாக இருக்கும்; திசை மாறி வெளிநோக்கி ஓடத் தொடங்கினால் கலங்கிய நீரும், உங்களை ஆழ்கடலுக்குத் தள்ளும் விசையும் மட்டுமே மிஞ்சும்.

இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் திட்டமிடுவது எளிதாகிவிடும். மாலத்தீவு வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கும் அதிகமாக நீண்டு, பருவக்காற்று நீரோட்டங்களுக்குக் குறுக்கே நிற்கும் தடுப்பாக அமைந்திருக்கிறது. அந்தத் தடுப்பில் உள்ள திறப்புகள்தான் கந்துகள். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வீசும் வடகிழக்குப் பருவத்தில், அவர்கள் மொழியில் 'இருவை' காலத்தில், கடல்நீர் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்காக நகர்கிறது. எனவே ஆழ்கடலின் தெளிந்த நீர் கிழக்கு விளிம்பின் கந்துகள் வழியாக உள்ளே புகுந்து, அட்டோலுக்கு நடுவே உள்ள கடல்கழியின் மிதவை உயிரிகளையும் நுண்துகள்களையும் சுமந்துகொண்டு மேற்கு விளிம்பின் வழியாக வெளியேறுகிறது. மே முதல் நவம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் இது ஏறத்தாழ தலைகீழாகிவிடும். ஓதத்தின், அதாவது கடல்மட்டத்தின், ஏற்ற இறக்கம் அங்கே ஒரு மீட்டர் அளவில்தான். ஆகவே நம் ஊர்க்காரர் சிலர் நினைப்பதைப் போல ஓத அட்டவணையை மட்டும் பார்த்து ஓட்டத்தின் திசையைச் சொல்லிவிட முடியாது. பருவ நீரோட்டம் பலமாக இருக்கும் நாட்களில் ஓதம் இறங்கும்போதும் நீர் உள்ளேயே ஓடிக்கொண்டிருப்பதுண்டு.

சுறாக்கள் ஏன் அந்த உள்நோக்கிய ஓட்டத்தின் வாயிலில் வந்து நிற்கின்றன என்பதும் அறியத்தக்கது. ஆழத்திலிருந்து வரும் நீர் பாறை விளிம்பில் மோதி மேல்நோக்கி எழும்போது, சாம்பல் பாறைச்சுறாக்கள் அந்த எழுச்சியின் மீது சாய்ந்து, வாலை மிகக் குறைவாகவே அசைத்து, இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பிரெஞ்சு பொலினீசியாவின் ஃபகரவா தென் நீர்வழியில் செய்யப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வு, இவ்வாறு நிற்பதால் அவற்றுக்கு 10 முதல் 15 சதவீதம் வரை ஆற்றல் மிச்சமாகிறது என்று கணக்கிட்டது. அதாவது, நம்மைப் பார்க்க அவை வருவதில்லை, ஓய்வெடுக்க வருகின்றன. ஓட்டம் இல்லையென்றால் அவை அங்கே நிற்பதற்குக் காரணமும் இல்லை.

ஆகவே பிப்ரவரி, சுறா என்ற இரண்டு சொற்களுக்கும் பொருந்தும் விடை கிழக்கு விளிம்புதான். வாவு அட்டோலின் கிழக்குக் கந்துகளும், தெற்கு மாலேயின் கிழக்கில் உள்ள குராய்து, எம்பூது கந்துகளும் அந்த வரிசையில் வருகின்றன. இரண்டில் ஒன்றைத்தான் கேட்பீர்கள் என்றால் நான் வாவு என்பேன்.

பாரைக்கூட்டம்

ஓதமானி அண்ணா சொன்ன அடிப்படை சரியே. ஆனால் வெளிநோக்கிய ஓட்டம் என்றாலே ஒதுக்கத்தக்கது என்ற எண்ணம் புதியவர்களுக்கு ஏற்பட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். பிப்ரவரியில் கலங்கிய நீர் மேற்கு விளிம்பின் வழியாக வெளியேறுகிறது என்றால், அந்தக் கலங்கலே கொம்புத் திருக்கைகளுக்கு விருந்து. அரி அட்டோலின் மேற்குப் பக்கத்தில் மூஃபுஷி அருகிலும், ரங்காலி அருகிலுள்ள மடிவருவிலும் இந்தப் பருவத்தில்தான் அவை வந்து கூடுகின்றன. அங்கே பாறைமுகட்டின் மேல் சிறு மீன்கள் அவற்றின் செவுள்களையும் வயிற்றுப்புறத்தையும் கொத்தித் துப்புரவு செய்யும் காட்சியைப் பார்த்தவர்கள், தெளிவு பத்து மீட்டராகக் குறைந்தது என்று குறைபட்டுக்கொள்வதை நான் கேட்டதில்லை.

தென்மேற்குப் பருவத்தில் இதே திருக்கைகள் கிழக்குப் பக்கம் மாறிவிடுகின்றன. பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடாவில் நூற்றுக்கும் மேற்பட்டவை கூடுவது அந்த மாதங்களில்தான். அங்கே 2012 முதல் ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை; மேற்பரப்பில் நீந்திப் பார்க்க மட்டுமே இயலும். ஆகவே பிப்ரவரியில் ஹனிஃபாருவைக் காட்டுவதாக யாராவது விளம்பரம் செய்தால், அந்த ஒரு வரியே அந்த விளம்பரத்தின் தரத்தைச் சொல்லிவிடும்.

மேலும், தெற்கு அரியில் 2009-இல் அறிவிக்கப்பட்ட கடல் பாதுகாப்புப் பகுதியின் வெளிப்பாறையை ஒட்டித் திமிங்கலச் சுறாக்களை ஆண்டு முழுவதும் காண வாய்ப்பு உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இளம் ஆண் சுறாக்கள். தோழிக்கு ஒரு வாரம் இருக்கிறது. வாவுவில் நான்கு நாட்கள், அரியில் மூன்று நாட்கள் என்று பிரித்துக்கொண்டால் என்ன?

ஓதமானி

பிரித்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு லைவ்அபோர்டு, அதாவது தங்கிப் பயணிக்கும் டைவ் படகு, தேவை. வாவுவிலிருந்து அரிக்குக் குறுக்கே கடப்பதற்கே அரை நாள் போய்விடும். ஓட்டத்தில் இதுவரை இறங்காத ஒருவர், முதல் இரண்டு நாட்களில் அதைப் பழகி, மூன்றாம் நாளிலிருந்துதான் சுற்றியிருப்பதை நிதானமாகப் பார்க்கத் தொடங்குவார். அந்த நேரத்தில் இடத்தை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. கொம்புத் திருக்கைதான் முதல் விருப்பம் என்று அவர் எழுதியிருந்தால் நானும் அரியின் மேற்குப் பக்கத்தையே சொல்லியிருப்பேன்.

வாவுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மக்கள்தொகையில் மிகச் சிறிய நிர்வாக அட்டோல் அது. ஃபுலிது, தினது, ஃபெலிது, கேயோது, ரக்கீது ஆகிய ஐந்து தீவுகளில் மட்டுமே ஊர்கள் உள்ளன. கிழக்கு விளிம்பு நெடுகக் கந்துகள் திறந்திருக்கின்றன. அலிமதா சுற்றுலாத் தீவை அடுத்துள்ள மியரு கந்து, அதற்கு அருகில் தேவனா கந்து, கிழக்கு முனையில் ஃபொத்தேயோ, தென்முனையில் ரக்கீது ஆகியவை முக்கியமானவை.

மியரு கந்துவில் உள்நோக்கிய ஓட்டத்தில் டைவ் எப்படி நடக்கும் என்றால், வழிகாட்டி முதலில் முகமூடியுடன் தனியாக நீரில் குதித்து, திசையையும் வேகத்தையும் பார்த்துவிட்டு வருவார். மீன்கள் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்தே முகம் வைத்து நிற்கும் என்பதால், விளிம்பில் உள்ள ஃபியூசிலியர் மீன்கூட்டம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே அவருக்குப் போதுமான அடையாளம். பிறகு தோணி கந்துவின் வாயிலுக்கு வெளியே, ஓட்டத்தின் மேற்பக்கம் சென்று நிற்கும். பிசிடி எனும் மிதப்புக் கட்டுப்பாட்டு அங்கியில் காற்றே இல்லாமல் அனைவரும் ஒரே நேரத்தில் பின்புறமாக விழுந்து, மேற்பரப்பில் நிற்காமல் நேராகக் கீழே இறங்க வேண்டும். அரை நிமிடம் தாமதித்தால் கூட வாயிலைக் கடந்து உள்ளே அடித்துச் செல்லப்படுவீர்கள். சுறாக்கள் உங்களுக்குப் பின்னால் போய்விடும். காது அடைப்பை இறங்கும்போதே விடாமல் சரிசெய்துகொள்ளும் பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

விளிம்பை அடைந்ததும் பாறைக்குப் பின்னால், தரையோடு தரையாக ஒடுங்கிக்கொள்ள வேண்டும். அங்கே ஓட்டத்தின் வேகம் குறைவு. தலையை ஒரு முழம் உயர்த்தினால் வேறுபாடு தெரியும். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் முகமூடி நடுங்கும். ஓட்டம் பலமானால் மூச்சுக்கருவியான ரெகுலேட்டரின் முன்பொத்தானில் நீர் அழுத்தி அது தானாகவே காற்றைக் கக்கத் தொடங்கும். அதனால் அச்சப்படத் தேவையில்லை, முகத்தின் கோணத்தைச் சற்று மாற்றினால் நின்றுவிடும். உங்களுக்கு முன்னால், நீல வெளியில், சாம்பல் பாறைச்சுறாக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கடுக்காக நிற்கும். வால் விளிம்பில் உள்ள கருமையான பட்டையைக் கொண்டு அவற்றை எளிதில் அடையாளம் காணலாம். இடையிடையே பாரை மீன்களும் பல்சூரையும் வேகமாகக் குறுக்கே பாயும். புள்ளி வௌவால் திருக்கைகள் வரிசையாக, சிறகை அசைக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெதுவாக, ஓட்டத்தை எதிர்த்து ஏறிச் செல்லும்.

பத்து, பதினைந்து நிமிடங்கள் அங்கே இருந்துவிட்டு, வழிகாட்டியின் சைகைக்குப் பிறகு அனைவரும் ஒன்றாகப் பிடியை விட்டு, ஓட்டத்தோடு உள்ளே மிதந்து செல்வீர்கள். ஆழம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும் என்பதால் டைவின் இரண்டாம் பாதி அமைதியானது.

ஃபொத்தேயோவின் சிறப்பு வேறு வகையைச் சேர்ந்தது. சுறாவுக்காக மட்டுமன்றிப் பாறையின் அமைப்புக்காகவும் அங்கே இறங்கலாம். விளிம்பில் குடைவுகளும், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவரக்கூடிய வளைவுகளும் உள்ளன. அவற்றின் கூரை முழுவதும் மஞ்சள் நிற மென்பவளங்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. விடியற்காலையில் நீல வெளியில் சுத்தியல்தலைச் சுறா தென்படுவதும் உண்டு, ஆனால் அதை நம்பிப் போகக் கூடாது. மூன்று அட்டோல்களிலும் ஒரே ஒரு டைவ் மட்டும்தான் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால் நான் ஃபொத்தேயோவையே கேட்பேன்.

ரக்கீது நல்ல இடம்தான், ஆனால் தென்முனையில் இருப்பதால் ஓட்டம் கணிக்க முடியாதபடி மாறும். முதல் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள்.

முக்குளிப்பான்

ஓட்டத்தில் நிலைத்து நிற்கப் பாறையில் மாட்டும் கயிற்றுக் கொக்கியான ரீஃப் ஹூக்கைப் பற்றி யாரும் குறிப்பிடவில்லை. பல படகுகள் அதை எல்லோருக்கும் கொடுக்கின்றன; சில வழிகாட்டிகள் அறவே தடை செய்கிறார்கள். பவளத்தின் மீது கொக்கியை மாட்டுவது சரியா என்பது எனக்கு நீண்டநாள் உறுத்தல்.

ஓதமானி

உறுத்த வேண்டியதுதான். ஆனால் கொக்கி இல்லாதபோது மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு கைகளாலும் பவளத்தைப் பற்றிக்கொள்கிறார்கள், முழங்காலை ஊன்றுகிறார்கள், துடுப்புகளால் உதைக்கிறார்கள். அதைவிட, உயிரற்ற வெற்றுப் பாறையில் ஒரே ஒரு புள்ளியில் கொக்கியை மாட்டி, பிசிடியில் சிறிது காற்றேற்றி, தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே கயிற்றில் மிதந்து நிற்பது குறைவான சேதம் விளைவிக்கும். கந்து விளிம்புகளில் வெற்றுப் பாறை தாராளமாகவே உண்டு. இரண்டு நிபந்தனைகள் மட்டும் கட்டாயம். கொக்கியை மாட்டும் இடத்தைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் எறிந்து மாட்டக் கூடாது. அடுத்ததாக, பிசிடியில் கோக்கும் முனை ஒரே இழுப்பில் கழன்றுவிடும் வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். கழற்றும்போது முதலில் பிசிடியின் காற்றை வெளியேற்றிவிட்டுப் பிறகுதான் கழற்ற வேண்டும். இல்லையென்றால் கயிறு விட்டதும் மேலே தூக்கிச் செல்லப்படுவீர்கள்.

நெய்தல்நிலா

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மிக்க நன்றி. அரியை இம்முறை விட்டுவிட்டு வாவுவையே தேர்ந்தெடுக்கிறேன். ஆனால் ஓதமானி ஐயா எழுதியதைப் படித்த பிறகு ஆசையும் அச்சமும் சேர்ந்தே வருகின்றன. ஓட்டத்தில் குழுவைவிட்டுப் பிரிந்துவிட்டால் என்ன செய்வது? என் காற்று மற்றவர்களைவிட விரைவாகத் தீர்ந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். அத்துடன், லைவ்அபோர்டா, தீவில் உள்ள விருந்தினர் விடுதியா என்பதையும் தீர்மானிக்க வேண்டும்.

முக்குளிப்பான்

காற்றைப் பற்றிக் கணக்காகவே பார்த்துவிடலாம் சகோதரி. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 2400 லிட்டர் காற்று. இருப்பாக 50 பாரை ஒதுக்கினால் செலவழிக்கக் கிடைப்பது 1800 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கும் ஒருவர், 30 மீட்டரில் நான்கு மடங்கு அழுத்தத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டர் செலவழிப்பார். ஆக 22 நிமிடங்கள். அதே நபர் ஓட்டத்தை எதிர்த்து உதைத்துக்கொண்டிருந்தால் சுவாசம் இரட்டிப்பாகி, 11 நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். எனவே காற்றை மிச்சப்படுத்தும் வழி ஓட்டத்தோடு போராடாமல் இருப்பதே. விளிம்பைத் தவறவிட்டுவிட்டால் அதை எதிர்த்து நீந்தித் திரும்ப முயலாதீர்கள். வழிகாட்டியும் உங்களோடு வந்துவிடுவார், அந்த டைவை உள்பாறையில் முடித்துக்கொள்ளலாம். ஆழத்தில் மூச்சிரைக்க உழைத்தால் உடலில் கரியமில வாயு தேங்கி, எந்தக் காரணமுமின்றிப் பதற்றம் தொற்றிக்கொள்ளும். விபத்துகள் பெரும்பாலும் அந்தப் பதற்றத்தில்தான் தொடங்குகின்றன.

மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவுக்குச் சட்டப்படியான ஆழ வரம்பு 30 மீட்டர். அதற்குக் கீழே சுறா நின்றாலும் இறங்கக் கூடாது. சாதாரணக் காற்றில் அந்த ஆழத்தில் மேலேறும் வழியில் கட்டாய நிறுத்தம் தேவைப்படாதபடி ஏறத்தாழ 20 நிமிடங்களே தங்க முடியும். ஆக்சிஜன் 32 சதவீதமாக உள்ள நைட்ராக்ஸ் கலவையில் அது ஏறத்தாழ 30 நிமிடங்களாக உயரும். அங்கே போவதற்கு முன்பே நைட்ராக்ஸ் பயிற்சியை முடித்துக்கொண்டு செல்லுங்கள். கந்து டைவுக்கு அதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை.

பிரிந்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு நிமிடம் சுற்றிலும் பாருங்கள். காணவில்லை என்றால் மெதுவாக மேலேறி, 5 மீட்டரில் மூன்று நிமிட சேஃப்டி ஸ்டாப் எனும் பாதுகாப்பு நிறுத்தத்தின்போதே, படகுக்கு உங்கள் இடத்தைக் காட்டும் மிதவைக் குழாயை மேலே விடுங்கள். மேற்பரப்பை அடைந்த பிறகு ஊதிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். கந்துகள் விரைவுப் படகுகளின் போக்குவரத்துப் பாதையும் ஆகும். அடையாளமின்றித் தலையைத் தூக்குவது நீரோட்டத்தைவிடப் பெரிய ஆபத்து. ஊரிலேயே, ஓட்டம் இல்லாத நீரில், மிதவைக் குழாயை ஆழத்திலிருந்து மேலே விடுவதைக் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

வலசை

நான் ஒரு முறை வெளிநோக்கிய ஓட்டத்தில் சிக்கிய அனுபவத்தை இங்கே சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன். படகின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அன்று வழிகாட்டி நீரில் குதித்து ஓட்டத்தைப் பார்க்கவில்லை. முந்தைய நாள் உள்நோக்கி ஓடியதால் அன்றும் அப்படியே இருக்கும் என்று சொல்லி எல்லோரையும் இறக்கிவிட்டார். கந்துவின் வாயிலில் நீரின் மேற்பரப்பு அலைக்கு எதிராகப் புடைத்துச் செங்குத்தான சிற்றலைகளாகக் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியேறும் நீர் கடலின் அலையோடு மோதுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். படகோட்டி அதைச் சுட்டிக்காட்டியும் யாரும் பொருட்படுத்தவில்லை. சில நிமிடங்களில் நாங்கள் பாறையை விட்டு விலகி, கீழே தரை தெரியாத நீலத்தில் மிதந்துகொண்டிருந்தோம். மிதவைக் குழாய்களைக் கண்டு படகு எங்களை எடுத்துக்கொண்டது என்றாலும், அலைகளுக்கிடையில் காத்திருந்த நேரத்தை நான் மறக்கவில்லை.

ஆகவே படகையோ மையத்தையோ தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது, ஒவ்வொரு டைவுக்கும் முன்பு ஓட்டத்தைப் பார்க்கிறீர்களா, திசை பொருந்தாவிட்டால் இடத்தை மாற்றுகிறீர்களா என்பதையே. 'நாங்கள் அறிவித்த இடத்தில் கட்டாயம் இறக்குவோம்' என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் நான் பணம் கட்டுவதில்லை.

விடுதியா படகா என்ற கேள்விக்கு, வாவு மட்டுமே இலக்கு என்றால் விடுதியே போதும். மாலேயிலிருந்து விரைவுப் படகில் ஒன்றரை மணி நேர அளவில் போய்விடலாம். ஊர்த் தீவு என்பதால் மது கிடைக்காது, உடை விஷயத்தில் மரியாதை காக்க வேண்டும். நம்மவர்களுக்கு இவை பெரிய குறைகளாகத் தெரியாது. முக்கியமான நன்மை என்னவென்றால், அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த வழிகாட்டி கிடைப்பார். அந்தக் கந்து எந்த நிலவு நாளில் எப்படி ஓடும் என்பதை அவர் சிறுவயதிலிருந்தே மீன்பிடித் தோணியில் பார்த்திருப்பார். முதல் நாள் ஓட்டமில்லாத இடத்தில் ஒரு சோதனை டைவ் செய்யச் சொல்வார்கள். அது விதிப்படியானது, அதில் சலிப்படையாமல் உங்கள் எடைப்பட்டையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். லைவ்அபோர்டில் பெரும்பாலும் முன்கூட்டியே பதிவுசெய்த டைவ்களின் எண்ணிக்கையைக் கேட்பார்கள். 30, 50 என்று படகுக்குப் படகு மாறும்.

பாரைக்கூட்டம்

வாவு என்று முடிவாகிவிட்டதால் அலிமதா இரவு டைவைப் பற்றியும் பேசிவிடுவோம். தோழியிடம் எல்லோருமே அதைப் பரிந்துரைப்பார்கள். துறைமேடையின் கீழே விளக்கொளியில் பெரிய நர்ஸ் சுறாக்கள் நம் கால்களுக்கிடையில் நுழைந்து செல்லும் காட்சி வியப்பளிப்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் இயல்பாகச் சேர்ந்ததல்ல. மீன் கழிவுகளைப் போட்டுப் போட்டு அவற்றுக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரே நேரத்தில் பல படகுகள் வந்து நின்று, நூறு விளக்குகள் ஒரே இடத்தில் சுழலும்போது, சுறாவைவிட மற்றவர்களின் துடுப்புகளைத்தான் அதிகம் பார்க்க நேர்கிறது. அந்த வகைச் சுறா உலக அளவில் அழியும் அபாயத்துக்கு உட்பட்டது என்பதால் எனக்கு அது மேலும் வருத்தம் தருகிறது.

ஓதமானி

உடன்படுகிறேன். அதே வேளையில், சுறாவைக் காண வரும் பணம்தான் மாலத்தீவில் சுறாவைக் காப்பாற்றியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1995-இல் பதினைந்து டைவ் இடங்களை அவர்கள் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தார்கள். 1999-இல் மேலும் சில இடங்களைச் சேர்த்தார்கள். 2010-இல் தங்கள் கடல் எல்லை முழுவதிலும் சுறா வேட்டையைத் தடை செய்தார்கள். சாம்பல் பாறைச்சுறா 2020 முதல் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கும் நிலையில், அதை அடுக்கடுக்காகப் பார்க்கக்கூடிய கடல்கள் உலகில் அதிகமில்லை. அலிமதாவுக்குப் போவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். போனால், தரையில் மண்டியிட்டு அசையாமல் இருங்கள், எதையும் தொடாதீர்கள், உணவு போடும் படகாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

அழுங்காமை

யாரும் பவளத்தைப் பற்றிச் சொல்லவில்லை என்பதால் இதைச் சேர்க்கிறேன். பழைய புகைப்படங்களைப் பார்த்துவிட்டுச் செல்பவர்கள் ஆழமற்ற பாறைமுகடுகளைக் கண்டு மனம் உடைந்துபோகிறார்கள். 1998-இல் கடல் வெப்பம் உயர்ந்தபோது மாலத்தீவின் ஆழங்குறைந்த பவளங்களில் பெரும்பகுதி வெளிறி மடிந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மெல்லத் தேறிவந்த நிலையில் 2016-இல் மீண்டும் வெப்பம் தாக்கியது. அப்போது ஆய்வு செய்யப்பட்ட பாறைகளில் 60 சதவீதத்துக்கும் அதிகமான பவளங்கள் வெளிறியிருந்தன. 2024-இல் உலகளாவிய நான்காம் வெளிறல் நிகழ்வு அறிவிக்கப்பட்டது.

கந்துகளில் நிலைமை சற்று வேறாக இருப்பதை நான் தொடர்ந்து கவனித்து வருகிறேன். ஆழமும் ஓட்டமும் உள்ள விளிம்புகளில், குறிப்பாகக் குடைவுகளின் நிழலில் வளரும் மென்பவளங்களும் கடல்விசிறிகளும் ஒளியை நம்பி வாழ்வதில்லை; ஓட்டம் கொண்டுவரும் மிதவை உயிரிகளை உண்டு வாழ்கின்றன. ஆகையால் ஐந்து மீட்டரில் மான்கொம்புப் பவளங்கள் சிதைந்த கற்குவியலாகக் கிடக்கும் அதே பாறையில், இருபத்தைந்து மீட்டரில் ஃபொத்தேயோவின் மஞ்சள் கூரை பழைய பொலிவோடு தொங்குகிறது. சேஃப்டி ஸ்டாப்பின்போது அந்தக் கற்குவியலின் மீதும் ஒரு பார்வை செலுத்துங்கள். உள்ளங்கை அளவுள்ள இளம் பவளங்கள் அங்கங்கே பற்றிப் படர்ந்திருப்பதைக் காணலாம். சில இடங்களில் நெருக்கமாகவே இருக்கின்றன. உங்கள் துடுப்பு முனை அவற்றின் மீது படாமல் இருக்கும்படி இரண்டு மீட்டர் மேலே மிதந்து நில்லுங்கள். சன்ஸ்கிரீன் பூசுவதற்குப் பதிலாக முழுக்கை ஆடை அணிந்துகொள்வதும் நல்லது. நீர் 28 பாகை அளவில் இருப்பதால் மெல்லிய உடையே போதும்.

நெய்தல்நிலா

மிக்க நன்றி. கேயோது அல்லது ஃபெலிதுவில் விடுதி பார்க்கிறேன். நைட்ராக்ஸ் வகுப்புக்கு இங்கேயே சேர்ந்துவிட்டேன். கடைசியாக ஒரு சந்தேகம் மட்டும். ஒரு வாரத்தில் டைவ்களை எப்படி வரிசைப்படுத்துவது? பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் என் பயணத்தின் தொடக்கத்தில் வருகின்றன. திரும்பும் விமானம் பிற்பகல் மூன்று மணிக்கு.

ஓதமானி

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓட்டம் வலுக்கும் என்பதால், உங்களுக்கு அது தொடக்கத்தில் வருவது சற்று வசதிக் குறைவுதான். முதல் நாள் சோதனை டைவ். இரண்டாம் நாளும் கந்துவின் வாயிலுக்குப் போகாமல், கந்துவின் உட்பகுதியில் உள்ள திலா எனும் நீரடிப் பாறைமேடுகளிலோ, கடல்கழிக்குள் இருக்கும் கிரி எனும் மேற்பரப்பை நெருங்கும் சிறு பாறைமேடுகளிலோ இறங்கி, ஓட்டத்தோடு மிதந்து செல்வதையும் மிதவைக் குழாய் விடுவதையும் பழகுங்கள். அந்த இரண்டு நாட்களில் மற்றவர்கள் மியருவில் கண்ட சுறாக்களைப் பற்றி இரவு உணவின்போது பேசுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் காலை, ஓட்டம் மிதமாக இருப்பதாக வழிகாட்டி சொன்னால், மியரு கந்து. அதன் பிறகு அந்த இடத்துக்கே மறுநாளும் போகச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாம் முறை இறங்கும்போது எங்கே ஒடுங்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும், கண்கள் கருவிகளை விட்டுக் கடலைப் பார்க்கத் தொடங்கும். ஃபொத்தேயோவை ஐந்தாம் நாளின் விடியற்காலை டைவாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மற்றப் படகுகள் வந்திருக்காது.

பல நாட்கள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். உங்கள் விமானம் பிற்பகல் மூன்று மணி என்றால், முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்குள் கடைசி டைவிலிருந்து மேலேறியிருக்க வேண்டும் என்று கணக்கு வரும். ஆனால் நான் முந்தைய நாள் மதியத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். மூட்டு வலியோ, தோலில் அரிப்போ, வழக்கத்துக்கு மாறான களைப்போ தெரிந்தால் விமானம் ஏறாமல் உடனே டைவ் மையத்திடம் சொல்லுங்கள். மாலேக்கு அருகில் பண்டோஸ் தீவில் அழுத்தச் சிகிச்சை அறை இருக்கிறது. டைவ் காப்பீட்டுச் சான்றையும் இரத்த வகையையும் கைப்பேசியில் மட்டுமன்றி ஒரு தாளிலும் எழுதி, தோணியில் விட்டுச்செல்லும் பையில் வைத்திருங்கள்.